தாத்தா பெட்டியில ஒரு பழைய மேப்பு, அதுல கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடுது

போச்சம்பள்ளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க சத்தமில்லாம படிச்சிட்டுப் போறவன் நான், எழுதுறது இதான் மொத தடவ, தப்பான எடத்துல போட்டிருந்தா நகத்தி விடுங்க.

விசயம் என்னன்னா எங்க பழைய ஓட்டு வீட்ட பிரிக்கிறோம். பரண் மேல ஒரு தகரப்பெட்டி கெடந்துச்சு. கொள்ளுத்தாத்தா, அவருக்கப்பறம் தாத்தா, ரெண்டு பேருமே ஊர் கர்ணம், 1980-ல எம்ஜிஆர் ஆட்சியில அந்த வேலையவே எடுத்தாங்கல்ல அது வரைக்கும் ஊர் கணக்கெல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில தான் நடந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்க. பெட்டியில கரையான் தின்னது போக மிச்சம் ஒரு அச்சடிச்ச மேப்பு. பேப்பர துண்டு துண்டா வெட்டி பின்னாடி துணில ஒட்டி மடிக்கிற மாதிரி பண்ணிருக்காங்க. மேல ஓரத்துல 57 எல்-னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே தாள்ல வருது.

பாத்துட்டு நின்னுட்டேன்ங்க. கேஆர்பி டேம் (நம்ம கிருஷ்ணகிரி அணை) இல்ல, தென்பெண்ணை பாட்டுக்கு போயிட்டு இருக்கு. அதவிட திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் லைன் போட்டிருக்கு!! மாவட்டத் தலைநகருக்கு ரயில் வேணும்னு நாம வருஷா வருஷம் மனு குடுத்துட்டு இருக்கோம், தேர்தல் வந்தா எல்லாக் கட்சியும் இதையே பேசுது, இங்க பாத்தா ரயில் ஏற்கனவே ஓடிருக்கு. எங்கப்பாவுக்கே தெரியல. நடுவுல எந்த ஊர் வழியா போச்சுன்னு பாக்கலாம்னா கரெக்டா அந்த எடத்துல மடிப்பு, பேரெல்லாம் போயிடுச்சு.

ஒரு வாட்ஸப் குரூப்புல (பழைய காசு, ஸ்டாம்பு விக்கிற குரூப்) போட்டோ போட்டேன், அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் 15,000 தரேன், இன்னிக்கே அனுப்புங்கன்னாரு. இன்னொருத்தர் முன்னூறு ரூவா கூட போகாதுங்கறாரு. இப்ப என் கேள்வி: இது ஒரிஜினல் தானா, எந்த வருஷத்து மேப்பு, விக்கலாமா வெச்சுக்கலாமா, வெச்சுக்கிட்டா எப்படி கெடாம வெக்கிறது. லேமினேஷன் போட்டுறலாம்னு பாத்தேன், அதுக்குள்ள கேட்டுறலாம்னு தோணுச்சு. இந்த மாதிரி பழைய மேப்பு சேக்குறவங்க நெறைய பேர் இருக்காங்கன்னு இப்ப தான் தெரியுது, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னாலும் உபகாரமா இருக்கும்.

பெட்டியில இன்னொன்னும் இருக்கு, நீலம் பூத்த மாதிரி ஒரு மெழுகுத் துணி, அதுல கையால கோடு கோடா வரைஞ்சு நம்பர் போட்டிருக்கு. அது ஏதோ நிலக்கணக்கு போல. அத விடுங்க.

வெட்டிப்பேச்சு:

15 ஆயிரமா?? தம்பி எங்க வீட்டு பரணையும் வந்து பாருப்பா

பழையபேப்பர்:

மொதல்ல ஒண்ணு, லேமினேஷன் கடைப் பக்கமே போயிடாதீங்க. சூடு பட்ட பிளாஸ்டிக் பேப்பரோட ஒட்டிக்கும், அப்பறம் எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது. செலோ டேப்பும் வேணாம், பத்து வருஷத்துல அந்தப் பசை மஞ்சளாகி பேப்பருக்குள்ளயே எறங்கிடும். தருமபுரியில ஒரு வக்கீல் வீட்டுல பாத்தேன், அருமையான படம், கிழிசல் எல்லாத்துக்கும் டேப்பு போட்டு வரிக்குதிரை மாதிரி ஆயிருந்துச்சு.

இப்ப வருஷத்துக்கு வருவோம். பழைய மேப்பு மேல பைத்தியம் புடிக்கிறதே இதுக்குத் தான், தேதி போட்டிருக்குற எடம் கிழிஞ்சிருந்தாலும் படமே வாயத் தொறந்து சொல்லும். நீங்க சொன்னத வெச்சே பாருங்க. 57 எல்-ங்கற நம்பர் மொறை 1905-க்கு அப்பறம் சர்வே ஆஃப் இந்தியா கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி அட்லஸ் ஷீட்டுக்கு வேற நம்பர். அப்ப 1800கள் படம் இல்ல, அந்த ஆசைய விட்டுருங்க. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி லைன் 1905-ல தொறந்தது, ரெண்டரை அடி அகல குட்டி ரயில், ஏறக்குறைய 25 மைல். பஞ்ச காலத்துல தானியம் கொண்டு வரணும்னு போட்டது. மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்கு 1906-ல இன்னொண்ணு வந்துச்சு, அத 1913-ல ஓசூர் வரைக்கும் நீட்டுனாங்க. ரெண்டுமே வருமானம் வராம படுத்துருச்சு, ரெண்டாவது உலகப் போர் சமயம் வரைக்கும் தான் ஓசூர் லைன் ஓடுச்சு. இப்ப தருமபுரி வழியா ஓடுற சேலம் - பெங்களூர் லைன் அதெல்லாம் போயி ரொம்ப காலம் கழிச்சு வந்தது.

உங்க தாள்ல ரெண்டு விசயம் பாருங்க. ஒண்ணு, தருமபுரியில இருந்து வடமேக்கால ராயக்கோட்டை பக்கம் லைன் போவுதா? போனா 1913-க்கு பிந்தினது. ரெண்டு, திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல ஜில்லா எல்லை கோடு இருக்கா, திருப்பத்தூர் பக்கம் வட ஆற்காடுன்னு போட்டிருக்கா? திருப்பத்தூர் 1911 வரைக்கும் சேலம் ஜில்லால தான் இருந்துச்சு. (தருமபுரி ஜில்லாவே அன்னிக்கு கெடையாது, 1965-ல தான் சேலத்துல இருந்து பிரிஞ்சது, கிருஷ்ணகிரி 2004. அதனால மேப்புல சேலம்னு தான் தேடணும்.)

அப்பறம் கீழ ஓரத்துல பொடி எழுத்துல சர்வேயர் ஜெனரல் (சர்வே ஆஃப் இந்தியாவோட தலைவர்) பேரு இருக்கும். கர்னல் பர்ரார்டுன்னா 1919-க்கு முன்னாடி, ரைடர்னா 1919-ல இருந்து 24, டேண்டின்னா அதுக்கப்பறம். லென்ஸ் வெச்சு பாத்து சொல்லுங்க.

போச்சம்பள்ளிக்காரன்:

அண்ணா மெய் சிலிர்த்துருச்சு. ராயக்கோட்டை லைன் இருக்கு. வட ஆற்காடும் இருக்கு. கீழ பேரு பாதி கிழிஞ்சு போச்சு, ஆனா கடைசி எழுத்துங்க "டிஈஆர்"-னு முடியுது. அப்ப ரைடர் தான?? நூறு வருஷ மேப்பா இது!

பழையபேப்பர்:

ரைடரே தான். இன்னொரு சின்ன சோதனை, படத்தோட சட்டத்த மட்டும் அளந்து பாருங்க, மேல கீழ 17 இஞ்ச்சு சொச்சம் வரும். ஒரு டிகிரி அட்சரேகைக்கு 69 மைல் கிட்ட, நாலு மைலுக்கு ஒரு இஞ்ச்சுன்னா கணக்கு அதான். கால் இஞ்ச்சு ஷீட்டுன்னு சொல்லுவாங்க. அளவு சரியா வந்து, பூதக்கண்ணாடியில பாத்தா கோடு தொடர்ச்சியா இருக்கணும். கலர் கலரா புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது யாரோ ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டது. இப்ப ஆன்லைன்ல "அரிய பழைய வரைபடம்"னு ஃப்ரேம் போட்டு விக்கிறதுல பாதி அப்படித் தான், ஓசியில எறக்கி டீத்தண்ணியில நனைச்சு பழுப்பாக்கி விக்கிறானுங்க.

வெல பத்தி நேரா சொல்றேன், இது ஆயிரக்கணக்குல அச்சடிச்ச அரசாங்கப் படம், ஓரத்துல வெலையே போட்டிருக்கும். 15,000 தரேன்னு ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துல சொல்றான்னா ஒண்ணு அவனுக்கு வெவரம் தெரியல, இல்ல உங்கள பொருள அனுப்ப வெச்சுட்டு கம்பி நீட்டப் போறான். அதுலயும் வெளிநாட்டுக்கு அனுப்ப சொன்னா தொடவே தொடாதீங்க, 1972-ல வந்த தொல்பொருள் சட்டம் இருக்கு, நூறு வருஷம் தாண்டின பொருளுக்கு அது பேசும், கையெழுத்து ஆவணம்னா 75 வருஷமே போதும்.

வெட்டிப்பேச்சு:

ஒரு மேப்புக்கு இவ்ளோ ஆராய்ச்சியா, போன்ல கூகுள் மேப் இருக்குறப்ப இத வெச்சு என்னத்த பண்ணப்போறீங்க எல்லாரும், சீரியசா கேக்குறேன்

பழையபேப்பர்:

கேள்வி நியாயமானது தான் வெட்டி. கூகுள்ல இருக்குறது இன்னிக்கு என்ன இருக்குங்கறது. பழைய மேப்புல இருக்குறது, இத வரைஞ்சவனுக்கு அன்னிக்கு எது முக்கியமா பட்டுச்சுங்கறது. அந்த ருசி புடிச்சுட்டா விடாது.

நம்ம ஊரையே எடுத்துக்க. 1792-ல திப்பு கையில இருந்து பாரமகால் (நம்ம பக்கத்துக்கு அன்னிக்கு அதான் பேரு) கிழக்கிந்தியக் கம்பெனிக்கு போச்சு. கேப்டன் ரீடுன்னு ஒருத்தர் நிர்வாகம் பாக்க வந்தாரு, கூட தாமஸ் மன்றோ. பின்னாடி மெட்ராஸ் கவர்னரா இருந்தாரே அவரே தான், சின்ன வயசுல நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் குதிரையில சுத்திட்டு இருந்த ஆளு. ரயத்துவாரின்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே அது மொளைச்சதே இந்த மண்ணுல. ஒவ்வொரு விவசாயிகிட்டயும் நேரா வரி வாங்கணும்னா எவன் நிலம் எங்க, ஏரி எங்க, எது மானாவாரி எது பாசனம்னு தெரியணும்ல? 1794-ல இருந்து 98 வரைக்கும் ஜான் மேதர்ங்கற சர்வேயர் பாரமகால் முழுக்க அளந்தாரு. லாம்டன்னு இன்னொரு சர்வேயர் மெட்ராஸ் பரங்கிமலை பக்கத்துல 1802-ல சங்கிலி போட்டு அந்தப் பெரிய முக்கோண சர்வேய ஆரம்பிக்கிறதுக்கும் முன்னாடி. அதாவது நாடு முழுக்க ஒழுங்கா அளக்குறதுக்கு முன்னயே நம்மள அளந்துட்டான், வரி வாங்குற அவசரம் அப்படி.

பாரமகால் ரெக்கார்ட்ஸ்னு அந்தக் காலத்து காகிதத்த எல்லாம் மெட்ராஸ் அரசாங்கம் 1907-ல இருந்து பாகம் பாகமா அச்சடிச்சுது, படிச்சுப் பாருங்க, எந்த மலையில என்ன மரம் இருந்துச்சுங்கற வரைக்கும் எழுதி வெச்சிருப்பான்.

புதுசா தேடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ், கிருஷ்ணகிரின்னு தேடுனா ஒண்ணும் வராது. வெள்ளக்காரன் காதுல விழுந்தத எழுதி வெச்சிருக்கான், கிஸ்ட்னகெர்ரி, தாரம்பூரி, ரையகோட்டா, தென்கரைக்கோட்டைக்கு டிங்ரிகோட்டா. அந்த ஸ்பெல்லிங்க நாலு விதமா மாத்தி மாத்தி போட்டா தான் படம் கெடைக்கும். டேவிட் ரம்சே கலெக்‌ஷன்ல (ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில இருக்கு) ஓசியில பெரிய சைசுல எறக்கலாம், ஓல்டு மேப்ஸ் ஆன்லைன்ங்கற வெப்சைட்டுல ஊர் மேல விரல வெச்சா அந்த எடத்துக்கு என்னென்ன படம் இருக்குன்னு வரிசையா காட்டும். காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இதுலயே மேயுங்க.

ஜிஐஎஸ்_ஓசூர்:

லேட்டா வந்துட்டேன், ஆனா இது நம்ம ஏரியா. போச்சம்பள்ளி ப்ரோ, மேப்ப கீழ விரிச்சு மேல இருந்து நேரா போட்டோ எடுங்க, ஃபிளாஷ் வேணாம், வெளிச்சம் ரெண்டு பக்கத்துல இருந்தும் சமமா விழணும், நாலஞ்சு துண்டா எடுத்தா ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் ஏறி இருக்கட்டும். ஜெராக்ஸ் கடையில உருட்டி விடுற ஸ்கேனர்ல மட்டும் போடாதீங்க, துணி ஒட்டின மேப்பு உள்ள மாட்டி கிழிஞ்சுரும், பாத்துருக்கேன்.

அப்பறம் கியூஜிஐஎஸ்-னு இலவச சாஃப்ட்வேர், அதுல ஜியோரெஃபரன்சர் இருக்கு. பழைய படத்துல மாறாத எடம் ஒரு ஏழெட்டு எடுங்க, மலை உச்சி, கோட்டை, பழைய கோயில், ஆறு ரெண்டு சேருற எடம். ரோட்டு முக்க நம்பாதீங்க, ரோடு நகந்திருக்கும். அதே எடத்த சாட்டிலைட் படத்துலயும் க்ளிக் பண்ணுனா பழசு புதுசு மேல உக்காந்துரும். அப்பறம் அந்த டிரான்ஸ்பரன்சி பட்டைய இழுத்து இழுத்து பாக்குறது இருக்கே, நைட்டு ரெண்டு மணி ஆகும், தூக்கம் வராது. வீட்டுல திட்டு விழுந்தா நான் பொறுப்பில்ல. உங்க ரயில் லைன் மடிப்புல போயிருந்தாலும் ரெண்டு பக்கமும் இருக்குற கோடு எங்க நிக்குதுன்னு வெச்சு நடுவுல எங்க போயிருக்கும்னு சாட்டிலைட்லயே தேடலாம், வயலுக்கு நடுவுல காரணமே இல்லாம ஒரு வரப்பு வளைஞ்சு நீளமா போச்சுன்னா சந்தேகப்படுங்க.

ஒரு குழி இருக்கு, நான் விழுந்த குழி, சொல்லிடுறேன். 1800கள் அட்லஸ் ஷீட் ஒண்ண எறக்கி அதுல அச்சடிச்சிருந்த தீர்க்கரேகை நம்பரையே நம்பி போட்டேன். ஊரெல்லாம் நாலரை கிலோமீட்டர் கெழக்கால போய் உக்காந்துருச்சு. ஓசூர் ஏரி சூளகிரி ரோட்டுக்கு நடந்து போயிட்ட மாதிரி. ரெண்டு நாள் என் தப்புன்னே நெனச்சு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். அப்பறம் தான் தெரிஞ்சது, அந்தக் காலத்துல எல்லாத்தையும் மெட்ராஸ் அப்சர்வேட்டரிய வெச்சு தான் கணக்கு பண்ணிருக்காங்க, அந்த அப்சர்வேட்டரியோட தீர்க்கரேகையவே 80 டிகிரி 17 நிமிஷம் சொச்சம்னு எடுத்துக்கிட்டாங்க, நெசத்துல அது கிட்டத்தட்ட ரெண்டரை நிமிஷம் கம்மி. ஒரு எடத்துல வந்த தப்பு மொத்த இந்தியாவையும் சேத்து தள்ளிருச்சு. சில ஷீட்டுல ஓரத்துல இத கழிச்சுக்கோன்னு குறிப்பே இருக்கும், நான் தான் படிக்கல. உங்க ஷீட் பிந்தினது, இந்தப் பெரிய தப்பு இருக்காது, ஆனாலும் எவரெஸ்ட்டுன்னு அந்தக் கால சர்வேயர் போட்ட பூமி அளவும் ஜிபிஎஸ் அளவும் வேற வேறங்கறதால நூறு மீட்டருக்கு மேல தள்ளும். அதனால தான் நம்பர விட மலை உச்சிய நம்புங்கன்னேன்.

பென்னாகரம்பொண்ணு:

இந்த திரெட்ட பாத்ததும் எழுதாம இருக்க முடியல. உங்க 57 எல்-ல எங்க பக்கம் வராது, நாங்க 58 ஈ, நாகமரை பக்கம். எங்க ஆயா வீடு தண்ணிக்கடியில இருக்கு. மேட்டூர் டேம் 1934-ல முடிஞ்சப்ப காவேரி ஓரத்து ஊரெல்லாம் காலி பண்ணி மேட்டுக்கு ஏத்துனாங்க, ஆயாவோட அம்மா இடுப்புல கொழந்தையோட மூட்டை தூக்கிட்டு நடந்த கதைய ஆயா நூறு தடவ சொல்லிருக்கும். ஆனா ஊரு எங்க இருந்துச்சுன்னு கேட்டா கைய நீட்டி தண்ணிய காட்டும், அவ்ளோ தான்.

போன வருஷம் டேமுக்கு முந்தின ஒரு இஞ்ச்சு ஷீட்டோட (மைலுக்கு ஒரு இஞ்ச்சு) ஸ்கேன் கெடைச்சுது. லேப்டாப்ப ஆயா முன்னாடி வெச்சு இது தான் ஆறு, இது தான் நம்ம ஊருன்னேன். அதுக்கு கண்ணு சரியா தெரியாது, நான் படிச்சு சொன்னேன். கோயில் குறி எந்தப் பக்கம் போட்டிருக்குன்னு கேட்டுச்சு. ஆத்துக்கு இந்தப் பக்கம்னேன். "அப்ப அது சரியாத் தான் எழுதிருக்கான்"னு சொல்லிட்டு வெத்தல போட ஆரம்பிச்சுருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

பண்ணவாடியில தண்ணி நல்லா எறங்குனா நந்தி சிலையும் சர்ச்சு கோபுரமும் வெளிய தெரியும்ல, எல்லாரும் செல்ஃபி எடுக்க போவாங்க. பழைய மேப்போட போங்க ஒரு தடவ, பாக்குற பார்வையே மாறிடும். வெட்டிப்பேச்சு அண்ணா, கூகுள்ல எங்க ஊரு வெறும் நீலக்கலர்.

வெட்டிப்பேச்சு:

சரிம்மா, வாபஸ் வாங்கிக்கிறேன்

மதகுமேடு:

குறுக்க வரேன் மன்னிக்கணும். எங்க நிலத்துக்கு பக்கத்துல ஓடை புறம்போக்க ஒருத்தர் சுவர் வெச்சு அடைச்சுட்டாரு, கேஸ் போவுது. இந்த மாதிரி வெள்ளக்காரன் மேப்புல ஓடை காட்டியிருந்தா கோர்ட்டுல குடுக்கலாமா?

சங்கிலி66:

தம்பிகளுக்கு வணக்கம். நான் சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன், பாலக்கோடு. பேருல இருக்குற 66, ஒரு சங்கிலிக்கு 66 அடிங்கறதுக்காக வெச்சது, வயசுன்னு நெனச்சுக்காதீங்க, வயசு அத தாண்டிருச்சு.

மொதல்ல மதகுமேடு தம்பிக்கு. போச்சம்பள்ளி தம்பி வெச்சிருக்குற படத்துல நாலு மைலு ஒரு இஞ்ச்சு. பென்சில் சீவி அர மில்லிமீட்டர்ல ஒரு கோடு போட்டா நெலத்துல அது 120 மீட்டருக்கு மேல. உங்க நெலம், ஓடை, அடைச்சவரு நெலம் மூணும் அந்தக் கோட்டுக்குள்ளயே தூங்கிட்டு இருக்கும். ஓடை ஒண்ணு இருந்துச்சுன்னு காட்டலாமே ஒழிய எல்லைக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது எஃப்எம்பி (ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அளவோட இருக்குற புலப்படம்), அ-பதிவேடு (எந்த நம்பர் யாரு பேருல, எவ்ளோ பரப்புங்கற நிலப் பதிவேடு), கிராம வரைபடம். இ-சர்வீசஸ்ங்கற சர்க்கார் வெப்சைட்டுல இப்ப உள்ள எஃப்எம்பி கெடைக்கும், ஆனா அதோட விட்டுடாதீங்க. யூடிஆர் வந்தப்ப, அதான் நிலப் பதிவேட்டயெல்லாம் புதுப்பிக்கிற திட்டம், 1979-ல ஆரம்பிச்சு 87 வரைக்கும் நடந்துச்சே, நெறைய எடத்துல சப்டிவிஷன் மாறிருக்கு, சில எடத்துல பேரும் மாறி விழுந்திருக்கு, நானும் அதுல வேல பாத்தவன் தான், ஒத்துக்குறேன். அதனால யூடிஆருக்கு முந்தின அ-பதிவேடும் பழைய எஃப்எம்பியும் நகல் மனு போட்டு வாங்குங்க. பழசுல அளவெல்லாம் லிங்க்ஸ்ல இருக்கும், 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, பத்து சதுர சங்கிலி ஒரு ஏக்கர். மீட்டர்னு நெனச்சு படிச்சீங்கன்னா கேஸ் தோத்துருவீங்க.

இப்ப போச்சம்பள்ளி தம்பி. நீங்க எழுதுனதுல எல்லாரும் ரயில புடிச்சுக்கிட்டு போயிட்டாங்க, நான் கடைசி வரியில நின்னுட்டேன். நீலம் பூத்த மெழுகுத் துணி, கையால கோடு, நம்பர். "அத விடுங்க"ன்னு எழுதிருக்கீங்க. விடாதீங்க. அது டிரேசிங் கிளாத். அதுல தான் கிராமப் படத்த நகல் எடுப்பாங்க. 16 இஞ்ச்சு ஒரு மைலு, அதாவது அந்த அச்சு மேப்ப விட 64 மடங்கு பெருசா உங்க ஊரு மட்டும். அச்சு மேப்பு எங்க தேடுனாலும் இன்னொண்ணு கெடைக்கும் தம்பி, லண்டன்ல இருக்கும், அமெரிக்காவுல இருக்கும். உங்க கொள்ளுத்தாத்தா கையில புழங்குன துணிப்படம் உங்க பெட்டியில மட்டும் தான் இருக்கு. கர்ணம் அதுல தண்ணி பாயுற வாய்க்கா, மதகு, வண்டிப்பாட்ட, மூணு ஊர் எல்ல சேருற கல்லு எல்லாத்தையும் தன் கையால குறிச்சு வெச்சிருப்பாரு, ஆபீஸ் படத்துல அதெல்லாம் இருக்காது.

ரெண்டு எச்சரிக்க. அந்தத் துணிக்கு மாவு பாலிஷ் போட்டிருப்பாங்க, தண்ணி பட்டா பொசுக்குனு வெள்ளையா போயிடும், ஈரத்துணி வெச்சு தொடைக்கவே கூடாது. இன்னொண்ணு, ஆபீஸ் முத்திரையோ ரெக்கார்ட் ரூம் நம்பரோ இருக்கான்னு பாருங்க. இருந்தா அது சர்க்கார் சொத்து, நகல் எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீஸ்ல எழுத்து மூலமா ஒப்படைச்சு ரசீது வாங்கிக்குங்க. கர்ணத்தோட சொந்த நகலா இருந்தா உங்க வீட்டுப் பொருள்.

பழையபேப்பர்:

ஐயா நீங்க சொன்னதுக்கப்பறம் தான் திரும்பி மேல போயி படிச்சேன். நானும் அந்த வரிய தாண்டித் தான் போயிருக்கேன். இருபது வருஷமா சேக்குறேன்னு பேரு.

போச்சம்பள்ளிக்காரன்:

ஐயா, எல்லாரும். நேத்து நைட்டு துணிய விரிச்சேன், ஈரம் எதுவும் படாம கட்டில் மேல வெள்ள வேட்டி போட்டு அதுக்கு மேல. முத்திரை எதுவும் இல்ல. மூலையில கொள்ளுத்தாத்தா கையெழுத்து, அவரு எழுத்து தான்னு அப்பா சொல்றாரு, பத்திரத்துல பாத்துருக்காராம்.

எங்க ஊர் ஏரி நாம இப்ப பாக்குறதுல ரெண்டு பங்கு இருக்கு. நெடுங்கல் அணைக்கட்டுல இருந்து பாரூர் ஏரிக்கு தண்ணி வரும்ல, அந்தப் பக்கமா வந்து எங்க ஏரியில விழுற மாதிரி ஒரு வாய்க்கா மை போட்டு வரைஞ்சிருக்கு. ஒவ்வொரு மதகுக்கும் பேரு. "கொழுந்தியா மதகு"ன்னு ஒண்ணு இருக்கு ஐயா! பக்கத்து வீட்டு தாத்தாவ கூப்ட்டு காட்டுனோம், 84 வயசு, சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துருச்சு, அக்காளுக்கும் தங்கச்சிக்கும் தண்ணி சண்டை வந்து தனித்தனி மதகு வெச்ச கதையாம் அது, அவங்க தாத்தா சொல்லி கேட்டாராம். அந்த மதகு இருந்த எடத்துல இப்ப என்ன இருக்குன்னு பாத்தா, நாங்க தெனமும் டீ குடிக்கிற கடை. மழை பெஞ்சா ஏன் அந்தக் கடைக்குள்ள மட்டும் தண்ணி வருதுன்னு கடைக்காரர் பத்து வருஷமா பொலம்பிட்டு இருக்காரு.

15,000 காரருக்கு விக்கிறதில்லன்னு மெசேஜ் போட்டேன். அந்தத் துணி எவ்ளோன்னு கேக்குறாரு. நான் துணிய பத்தி அவர்கிட்ட சொல்லவே இல்லியே, இங்க படிக்கிறாரு போல 😄

ஒரு சந்தேகம் ஐயா, கோட்டு மேல சின்னதா ஏணி மாதிரி போட்டு ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கு, அது என்ன?

சங்கிலி66:

அதுக்கு லேடர்னே தான் பேரு தம்பி. நடுக்கோடு சங்கிலி போன வழி, பக்கத்துல இருக்குற நம்பர் எத்தன லிங்க்ஸ் தள்ளி எல்ல திரும்புதுங்கறது. அதப் படிக்க தெரிஞ்சா அந்த மதகு டீக்கடையில எந்த மேசைக்கு கீழ இருக்குன்னு சொல்லிடலாம்.

ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு வரேன், வெயிலுக்கு முன்ன அளந்துரலாம். எங்கிட்ட பழைய சங்கிலியும் கிராஸ் ஸ்டாஃபும் (நேர் செங்கோணம் பாக்குற கருவி) இருக்கு. துணிய வெளிய எடுத்துட்டு வராதீங்க, போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு வைங்க. சங்கிலி புடிக்க ரெண்டு ஆள் வேணும்.

ஜிஐஎஸ்_ஓசூர்:

ஒரு ஆள் நான். ஓசூர்ல இருந்து மொத பஸ்ல வந்துடறேன்.

வெட்டிப்பேச்சு:

நானும் வரேன். டீ யாரு செலவு?

போச்சம்பள்ளிக்காரன்:

கடைக்காரர் செலவு அண்ணா. அவர்கிட்ட இன்னும் சொல்லல.